காலி மேடை காட்டிய அறுபது கிலோ

புறவழிச்சாலையில் புதிதாக வந்திருக்கும் எடைமேடையில் ஆபரேட்டராக இருக்கும் கவிதா, போன மாதம் எனக்குப் போன் செய்தாள்.

"மணியக்கா, ஒங்க காலத்து மெசின்ல ஜீரோன்னு தனியா ஒரு பட்டன் இருந்துச்சாமே. வண்டிக்கு வண்டி அத அமுக்குவீகளாமே. எதுக்குக்கா?"

அவளுடைய மேடையில் அந்தப் பட்டனுக்கு வேலை இல்லை. வண்டி இறங்கியதும் இயந்திரம் தானாகவே பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. நான் விளக்கிச் சொன்னேன். அவள் விடவில்லை. ஆபரேட்டர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். பழைய ஆட்கள் அனுபவத்தை எழுதிக் கொடுத்தால் அதில் போடுவார்களாம்.

"நீங்க லாரிக்கு எட போட்டுக்கிட்டே வானத்துக்கும் எட போட்டீகளாமே. அதையும் சேத்து எழுதுங்கக்கா. படிக்க நல்லாருக்கும்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. சின்னமனூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் என்னைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஊரில் அது ஒரு வேடிக்கைக் கதையாக நிலைத்துவிட்டது. அந்தக் கதையில் ஓடைப்பட்டி டிரைவர் பாண்டி வருவதில்லை. அவரை விட்டுவிட்டுச் சொன்னால்தான் அது வேடிக்கை. நான் அவரை விடாமல் எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடையில் கூட்டமாக இருந்தால் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு எடைமேடை நல்ல வேலை. கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, எண் காட்டும் பெட்டி, சீட்டு அடிக்கும் இயந்திரம். சொல்ல வேண்டியதை எண் சொல்லிவிடும். இருபத்திரண்டு வயதில் அந்த அறைக்குள் போனேன். மேடையை மூடியபோது ஐம்பத்தொரு வயதில் வெளியே வந்தேன்.

மேடையின் உரிமையாளர் காதர் ராவுத்தர். உத்தமபாளையத்துக்காரர். எல்லாரும் பாய் என்பார்கள். நான் ஐயா என்பேன். காலை எட்டு மணிக்கு மொபெட்டில் வந்து இறங்கினால் முதலில் அறைக்குள் வரமாட்டார். மேடையின் நாலு பக்கமும் நடந்து, மேடைக்கும் தரைக்கும் நடுவே உள்ள விரற்கடை இடைவெளியில் கல், குச்சி, தேங்காய் மட்டை எதுவும் சிக்கியிருக்கிறதா என்று ஒரு இரும்புக் கம்பியால் இழுத்துப் பார்த்துக்கொண்டே வருவார். பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். எனக்கு அவர் கொடுத்த பயிற்சி ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்தில் மூன்று நாள் ஜீரோ பட்டன் பற்றியே சொன்னார்.

"வண்டி ஏறுறதுக்கு முன்னாடி காலி மேட என்ன காட்டுதுன்னு பாரு. ஜீரோ இல்லேன்னா ஜீரோ போடு. அதுக்குப் பொறவுதேன் ஏறுன்னு கையக் காட்டணும். எட போடுறது ரெண்டாவது சோலிம்மா. ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணுமில்லேன்னு காட்டுறதுதேன் மொத சோலி."

வண்டி ஏறியதும் சக்கரங்கள் எல்லாம் கோட்டுக்குள் இருக்க வேண்டும். எஞ்சினை அணைக்க வேண்டும். டிரைவரும் கிளீனரும் இறங்கி மேடையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். எண் ஆடி நின்ற பிறகு மனசுக்குள் மூன்று முறை படித்துவிட்டுத்தான் சீட்டு அடிக்க வேண்டும். ராவுத்தரய்யா யாருக்காகவும் இதில் ஒன்றைக் குறைத்ததில்லை. ஒரு டிரைவர் சலித்துப்போய், "என் மீசையையும் எறக்கி வச்சிரட்டுமா பாய்?" என்று கேட்டார். ஐயா யோசிப்பதுபோல நின்றார். "மீச வண்டியோட சேந்ததா, ஒன்னோட சேந்ததா? ஒன்னோடதுன்னா நீ எறங்குனதும் அதும் எறங்கிரும். ஓரமாப் போய் நில்லு."

எடைமேடை வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காலி வண்டியை ஒரு முறை எடை போடுவோம். அது காலி எடை. சுமை ஏற்றிய பிறகு இன்னொரு முறை போடுவோம். அது மொத்த எடை. மொத்தத்தில் காலியைக் கழித்தால் சுமை. இவ்வளவுதான் என் தொழில். இதை வைத்துத்தான் நான் வானத்துக்குப் போனேன்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே நான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் கதவைத் திறந்து பெட்டியைப் போட்டால் காலி மேடை சில நாள் பத்து கிலோ காட்டும். சில நாள் இருபது. மேடையைக் கூட்டிவிட்டு வந்து பார்த்தாலும் அதேதான். மேடையில் ஒன்றும் இருக்காது. ஜீரோ போட்டால் போய்விடும். வேறு யாராக இருந்தாலும் அமுக்கிவிட்டு மறந்திருப்பார்கள். நான் ஒரு நோட்டு வாங்கி, ஜீரோ போடுவதற்கு முன்னால் காட்டிய எண்ணைத் தினமும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒன்றுமில்லாத இடம் எடை காட்டுகிறது; அதைத் தினமும் என் விரலால் அழித்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

அறைக்கு வரும் செய்தித்தாளில் வாரம் ஒரு நாள் அறிவியல் பக்கம் வரும். ஒரு வாரம் அதில் கரும்பொருள் பற்றி எழுதியிருந்தார்கள். வானத்தில் இருக்கும் நட்சத்திரக் கூட்டங்கள், கண்ணுக்குத் தெரியும் எடைக்குச் சுற்ற வேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் சுற்றுகின்றனவாம். அப்படியானால் தெரிவதைவிடப் பல மடங்கு எடை அங்கே இருக்க வேண்டும். அது ஒளி விடாது, எதிலும் மோதாது, கண்ணில் படாது. எடை மட்டும் உண்டு. என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை; ஏதோ ஒரு நுண்துகளாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைப் படித்ததும், இது எனக்குத் தெரிந்த விஷயம் என்று தோன்றியது. சுமையைப் பார்க்கிறார்கள், எடை சுமையைவிட அதிகம் வருகிறது, மீதி எங்கே என்று சுமைக்குள்ளேயே தேடுகிறார்கள். லாரியைக் கழிக்கவில்லையே! நட்சத்திரம் எல்லாம் சுமை. அவை இருக்கும் வெளிதான் லாரி. வெளிக்கே ஒரு காலி எடை இருக்கிறது. அது துகள் இல்லை, பொருளும் இல்லை, பாத்திரத்தின் எடை.

அதிலிருந்து இன்னொன்றுக்கும் போனேன். உலகம் ஒரு புள்ளியிலிருந்து வெடித்து வந்தது என்கிறார்கள். என் அனுபவத்தில் காலி வண்டிதான் முதலில் மேடைக்கு வரும். சுமை பிறகுதான் ஏறும். அதனால் தொடக்கம் என்பது வெடிப்பு அல்ல, ஏற்றம். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்றால், காலி எடை இருந்தது. இப்படியே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன். முன்பக்கத்திலிருந்து எண்கள், பின்பக்கத்திலிருந்து எண்ணங்கள்.

இதை நான் சொன்ன ஒரே ஆள் ராவுத்தரய்யாதான். பிற்பகலில் வண்டி இல்லாத நேரம். டீயை ஆற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"சரிம்மா. லாரி காலியா நின்னுச்சு. பொறவு லோடு ஏறுச்சு. ஏத்துனது யாரு?"

"அது எனக்குத் தெரியலய்யா."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஆனா அத எழுத வேண்டாம். நீ ஒனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுது."

அதுபோல யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியருக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. சமன்பாடு இல்லாமல் இயற்பியல் இல்லை, உங்கள் ஆர்வத்துக்குப் பாராட்டு என்று இருந்தது. அவர் மேல் தப்பில்லை. சமன்பாடு என்னிடம் இல்லை. ஆனால் எண்கள் இருந்தனவே. அவற்றை விடாமல் எழுதினேன். நேர்மையாக எழுதினேன் என்றுதான் நினைத்தேன். மழை பெய்த நாட்களில் மேடை மேல் தண்ணீர் நிற்கும், ஈரச் சேறு ஒட்டியிருக்கும். அந்த எண் சுத்தமான எண் அல்ல என்று மழை நாட்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.

பத்தொன்பது வருடம் அப்படி எழுதியதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஜூனில் எண் ஏறும். ஆகஸ்டுக்குப் பிறகு மெல்ல இறங்கும். மாசி, பங்குனியில் பெரும்பாலும் பூஜ்யம். ஒரே ஒரு வருடம் மட்டும் ஜூனில் ஏறாமல் செப்டம்பரில் ஏறியது. அதற்கு எதிரே, "இந்த வருடம் தாமதம். ஏன்?" என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அறிவியல் பக்கத்தில் இன்னொரு செய்தி வந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது ஜூன் மாதத்தில் கரும்பொருளை எதிர்த்து வேகமாகப் போகிறது. அதனால் ஜூனில் அதன் அடையாளம் கூட வேண்டும். வெளிநாட்டில் ஒரு குழுவினர் அப்படிக் கூடுவதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று இருந்தது.

ஜூன். நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

அந்த ஜூன் மாதம் ராவுத்தரய்யா கண் ஆபரேஷனுக்காக மதுரை போயிருந்தார். மேடை என் பொறுப்பில் இருந்தது. காலையில் ஒரு எண்ணை மட்டும் எழுதினால் போதாது, நாள் முழுக்க அது எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஒரே வழி, காலையில் ஒரு முறை ஜீரோ போட்டுவிட்டு அதன் பிறகு போடாமல் விடுவது. அதனால் யாருக்கும் நஷ்டம் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மொத்த எடையிலும் அந்த அதிகம் இருக்கும், காலி எடையிலும் இருக்கும். கழிக்கும்போது போய்விடும். ஒரே வண்டி அரை மணி நேரத்துக்குள் இரண்டு எடையும் போட்டால் அது உண்மை.

பாண்டி அன்று காலை எட்டு மணிக்கு, நான் ஜீரோ போட்ட உடனே, காலி வண்டியோடு வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். தங்கராசு என்ற திராட்சை வியாபாரியிடம் லோடு வண்டி ஓட்டினார். அவர் வந்தால் சொல்லாமலே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கைகட்டித் தள்ளி நிற்பார். காலி எடை போட்டுக்கொண்டு ஓடைப்பட்டித் தோட்டத்துக்குப் போனார். பிற்பகல் இரண்டு மணிக்குப் பன்னீர் திராட்சைப் பெட்டிகளோடு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் நாலு வண்டிகள் நின்றன. அவர் ஏறுவதற்கு முன்னால் காலி மேடை அறுபது காட்டியது. நோட்டில் அறுபது என்று எழுதினேன். எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்த பெரிய எண் அது. மொத்த எடை போட்டுச் சீட்டைக் கொடுத்தேன். இவருடைய காலி எடை காலையிலேயே போட்டது என்பது என் நினைவிலேயே இல்லை.

"வாரேங்க்கா," என்று சொல்லிவிட்டுக் குமுளிக்குப் போனார். அங்கே வாங்குகிறவரின் எடைமேடையில் என் சீட்டைவிட அறுபது கிலோ குறைந்தது. பெட்டிகளை யாரும் எண்ணி ஏற்றுவதில்லை, எடைதான் கணக்கு. பெட்டிக்கு இருபது கிலோ என்றால் மூன்று பெட்டி.

மறுநாள் பிற்பகல் தங்கராசு பாண்டியைக் கூட்டிக்கொண்டு எடைமேடைக்கு வந்தார். சுமை ஏற்றுகிறவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"வழியில எங்கன எறக்குன, சொல்லிரு. கம்பத்துலயா, கூடலூர்லயா?"

"கயறே அவுக்கலண்ணே. நீங்க போட்ட முடிச்சு அப்பிடியே இருந்துச்சு. குமுளியில அவுகதேன் அறுத்தாக."

"ஏலே, அப்ப மூணு பொட்டி ஆவியாவா போச்சு?" என்று கேட்டுவிட்டுத் தங்கராசு என் ஜன்னல் பக்கம் திரும்பினார். "யக்கா, ஒங்க சீட்டு சரிதான? நீங்க சொல்லுங்க. பாய் மேட தப்புக் காட்டாதுன்னு ஊருக்கே தெரியும்."

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். அத்தனை ஆண்கள் நடுவில் நான் பேசியதே இல்லை. பாண்டி திருடவில்லை என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லியே தீர வேண்டும். சொன்னேன்.

"சீட்டுல உள்ளது மேட காட்டுனதுதேன். ஆனா அந்த அறுபது கிலோ திராட்ச இல்ல."

"பின்ன?"

"அது காலி மேடையோட எட. வெறும் வெளிக்கும் எட இருக்கு. ஜூன் மாசத்துல அது கூடும். வானத்துல நச்சத்திரக் கூட்டம் சுத்துறத வச்சுப் பாத்தா, கண்ணுக்குத் தெரியாத எட நெறய இருக்குன்னு..."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும்.

"அப்ப பொட்டியத் தூக்குனது நச்சத்திரம்ங்கிறீக!"

"ஏலே பாண்டி, இனிமே வானத்தப் பாத்து வண்டிய எடுடா!"

"யக்காவுக்கு வெயிலு ஒத்துக்கிரல. ஒரு சர்பத்துச் சொல்லுங்கப்பா."

பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்தார். "யக்கா, நீங்க சொன்னது எனக்கு வெளங்கல. நான் எடுக்கலன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

"நீங்க எடுக்கல," என்றேன். அதற்குள் என் குரல் போய்விட்டது. அந்தச் சிரிப்பில் அது அவர் காதுக்கே எட்டியதா என்று தெரியாது.

நான் சொல்லியிருக்க வேண்டியது, "காலையிலருந்து நான் ஜீரோ போடல" என்பது. ஒரு சின்ன வாக்கியம். லாரித் தொழிலில் இருக்கும் எவருக்கும் அது புரியும். என்னைத் திட்டியிருப்பார்கள், பாண்டியை விட்டிருப்பார்கள். அதுகூட வேண்டாம். அன்றும் நான் காலையில் ஒரு முறைக்கு மேல் ஜீரோ போடவில்லை. அந்த நேரத்தில் அறைக்குள் பெட்டியில் காலி மேடை எழுபது காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் போதும். பத்தடி தூரம். ஜீரோ போடாததை நான் தப்பாகவே நினைக்கவில்லை, ஆராய்ச்சி என்று நினைத்தேன். அதனால் அது என் வாயில் வரவில்லை. பிரபஞ்சம்தான் வந்தது.

தங்கராசு, "சாவியக் குடு," என்றார். பாண்டி கொடுத்துவிட்டு மேடை வழியாக நடந்து ரோட்டுக்குப் போனார். நான் அறைக்குள் வந்துவிட்டேன். எழுபது என்று நின்ற எண் நூற்று நாற்பது ஆனது. அவர் மேடையைத் தாண்டியதும் மறுபடி எழுபது ஆனது.

ராவுத்தரய்யா பத்து நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடையிலேயே எல்லாம் கேட்டிருந்தார். அன்று மேடையைச் சுற்றி நடக்கவில்லை. நேராக அறை வாசலுக்கு வந்தார்.

"அன்னைக்கு ஜீரோ போட்டியாம்மா?"

"போடலய்யா."

"எம்புட்டு நேரமா?"

"காலையில எட்டு மணியிலருந்து."

ஐயா ரோட்டோரம் போய்க் கயிற்றைக் கட்டி வண்டிகளை நிறுத்தினார். சுமைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக் கற்களை மேடையின் ஒவ்வொரு மூலையிலும் வைக்கச் சொன்னார். ஜீரோ போடாமலே பார்த்தோம். எந்த மூலையில் வைத்தாலும் கல்லின் எடைக்கு மேல் ஒரே அளவுதான் அதிகம் காட்டியது. "ஒரு மூலையில பிசகுன்னா ஒரு மூலையில காட்டும். நாலு மூலையிலயும் ஒண்ணுபோலக் காட்டுனா, நாலு வயரும் சேர்ற எடத்துலதேன் கோளாறு," என்றார். மேடைக்கு அடியில் குழி. குழிக்குள், நாலு மூலையிலும் எடையை உணரும் கருவிகளின் வயர்கள் சேரும் பெட்டி. குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் இறங்குகிறேன் என்றேன். "நீ எண்ணப் பாரு," என்று சொல்லிவிட்டு, கற்களை இறக்கி மூடியைத் தூக்கச் சொல்லி, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினார்.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "செவரெல்லாம் கசியுதும்மா. பொட்டி மூடியோட ரப்பரு போயிருச்சு. உள்ள முத்து முத்தாத் தண்ணி."

துணியால் துடைத்தார். பிறகு முடிதிருத்தும் கடையிலிருந்து முடி உலர்த்தும் கருவியை வாங்கிவரச் சொல்லி, அதன் சூட்டுக் காற்றைப் பெட்டிக்குள் காட்டினார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"இப்ப எவ்வளவு?"

"அம்பதுய்யா."

"இப்ப?"

"நாப்பது."

"இப்ப?"

"இருவது."

இயந்திரத்தில் எண் ஆடியது. பத்து. மறுபடி இருபது. பத்து.

"எவ்வளவும்மா? சொல்லு."

மூன்று முறை மனசுக்குள் படித்தேன். அவர் சொல்லிக் கொடுத்த முறைதான்.

"ஜீரோய்யா."

ஏறி வந்து, வேட்டியெல்லாம் சேறாக, மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். நோட்டைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆபரேஷன் செய்யாத கண்ணால் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தாமதம், ஏன் என்று நான் எழுதியிருந்த வருடத்தில் விரலை வைத்தார்.

"அந்த வருசம் பெரியாத்துத் தண்ணி ஜூன்ல தெறக்கலம்மா. அணையில தண்ணி இல்ல. பொறவு செப்டம்பர்லதேன் விட்டாக."

குழியிலிருந்து இருபது தப்படி பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். தரைக்கு அடியில் ஈரம் ஊறும். குழிச் சுவர் கசியும். எண் ஏறும். போகம் முடிந்து தண்ணீர் நின்றால் எண் இறங்கும். ஐப்பசி மழையிலும் ஏறியிருக்கிறது. அந்த நாட்களைத்தான் நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேனே. அறையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால் தெரியும். தூசி வருகிறது என்று அதைப் பல வருடங்களாக மூடியே வைத்திருந்தேன்.

"பத்தொம்பது வருசம் வாய்க்காலுக்கு எட போட்டிருக்கம்மா," என்றார். கேலி இல்லை, இரக்கம். அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது. "என் தப்பும்தேன். நீ மொத நாளு சொன்னப்பவே மூடியத் தெறந்து பாத்திருக்கணும். வானத்தப் பத்திப் பேசவும் நானும் வானத்தப் பாத்துட்டேன்."

தங்கராசுவிடம் தான் போவதாகவும், பாண்டி வீட்டுக்கு நான் போக வேண்டும் என்றும் சொன்னார். அவர் அன்று மாலையே போனார். தங்கராசு நம்பவில்லை. "அந்தக்கா நச்சத்திரம்னாக, நீங்க ஈரம்ங்கிறீக. நாளைக்கு வேற என்னமும் சொல்லுவீக. வேற ஆளு போட்டாச்சு பாய், விடுங்க," என்றாராம். நான் அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஐயாவின் பேச்சை நம்பியிருப்பார். உண்மையைச் சொல்ல ஐயாவுக்கு இருந்த வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். ஐயா இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அதன் பிறகு எட்டு வருடம் அங்கேயே இருந்தேன். வண்டிக்கு வண்டி ஜீரோ போட்டேன். பாண்டியைத் திராட்சை வண்டிக்கு யாரும் கூப்பிடவில்லை என்றும், மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டப் போய்விட்டார் என்றும் டிரைவர்கள் பேச்சில் காதில் விழுந்தது. புறவழிச்சாலை வந்து வண்டிகள் குறைந்தன. மேடையை மூடினோம். அடுத்த வருடம் ஐயா காலமானார்.

கரும்பொருள் என்னவென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று இப்போதும் பேப்பரில் வருகிறது. முன்பெல்லாம் அதைப் படித்தால் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று சந்தோஷமாக இருக்கும். இப்போது அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுகிறேன். வெளிக்குக் காலி எடை உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. சாகும்வரை தெரியப் போவதும் இல்லை. என்னிடம் சாட்சியாக இருந்தது ஒரு நோட்டுதான். அது ஈரத்தின் நோட்டு.

கவிதா போன் செய்த மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். பாண்டியின் மனைவி முத்துலட்சுமி திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும், "வாங்க," என்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வானத்தை விட்டுவிட்டு, ஜீரோ, குழி, ஈரம் மட்டும்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த அறுபது கிலோ எங்க போச்சு?" என்றார்.

"எங்கயும் போகலம்மா. அது இருந்ததே இல்ல."

"இல்லாததுக்கா இத்தன வருசம் அவுக மலயில கெடக்காக?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து எண்ணைப் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எங்கிட்டச் சொன்னத அவுககிட்டச் சொல்லுங்க."

ஜீப் எஞ்சின் சத்தம் கேட்டது. "என்ன புள்ள?" என்று பாண்டியின் குரல்.

"பாண்டி, நான் எடைமேட மணியக்கா பேசுறேன். அன்னைக்குக் காலையிலருந்து நான் ஜீரோ போடல. தப்பு என்னுது. நீங்க எடுக்கல."

பின்னால் யாரோ பெண்கள் மலையாளம் கலந்து பேசிச் சிரித்தார்கள்.

"சரிக்கா," என்றார் பாண்டி. "எறக்கத்துல வாரேன். வண்டியில ஆளு இருக்கு. பொறவு பேசுறேன்."

முத்துலட்சுமி போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். என் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பாண்டியிடம் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மாதம் ஆகிறது. பாண்டி இன்னும் பேசவில்லை.